ஆளுக்கு எத்தனை சதுர மீட்டர்?

கால்பந்துப் பயிற்சியைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் ஒரே ஒரு பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடச் சொன்னால், பெரும்பாலோர் நாலுக்கு நாலு, அஞ்சுக்கு அஞ்சு ஆட்டத்தைத்தான் வைத்துக்கொள்வார்கள். நாலு கோன், இரண்டு நிறத்தில் பிப், ஒரு பந்து போதும். ஆட்டக்காரர்கள் முணுமுணுக்காமல் ஓடுவார்கள். பந்து ஒவ்வொருவர் காலுக்கும் அடிக்கடி வரும். பாஸ், மார்க்கிங், ஷாட் எல்லாம் கூடவே நடந்துவிடும். ‘ஸ்மால் சைடட்’ என்று மைதானத்தில் சொல்லப்படும் இந்தச் சிற்றாட்டம் உடம்புக்கும் போதுமான பயிற்சி என்ற நம்பிக்கை கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் உறுதிப்பட்டுவிட்டது. அந்த நம்பிக்கை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அது எதை வைத்து அளக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டோம் என்பதே என் வாதம். இதயத்தை வைத்து அளந்தோம், இதயம் போதும் என்றது. கால்களிடம் கேட்டபோது வேறு பதில் வந்தது. இரண்டு பதில்களையும் சேர்த்து வைத்துப் பயிற்சி அட்டவணை போடுபவர்கள் இன்னும் குறைவு.

கதை நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரிலிருந்து தொடங்குகிறது. யான் ஹெல்கெருட்டும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இளையோர் அணிகளின் ஆட்டக்காரர்கள் எட்டு வாரம், வாரத்துக்கு இருமுறை, நான்கு நிமிட ஓட்டத்தை நான்கு தடவை ஓடினார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் இதயத் துடிப்பு அவரவர் உச்சத்தில் 90 முதல் 95 சதவீதம். இடையில் மூன்று நிமிடம் மெல்லோட்டம். உடம்பு அதிகபட்சமாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறன் கிலோவுக்கு நிமிடத்துக்கு 58.1 மில்லிலிட்டரிலிருந்து 64.3ஆக உயர்ந்தது. ஆய்வகத்தோடு அது நிற்கவில்லை. போட்டியில் அவர்கள் கடந்த தூரம் 20 சதவீதம் கூடியது, ஸ்பிரிண்ட் எண்ணிக்கை இரட்டிப்பானது, பந்தோடு ஈடுபட்ட தருணங்களும் கூடின. மூச்சை வளர்த்தால் ஆட்டம் வளரும் என்பதற்குக் கிடைத்த நல்ல சான்று அது. ஆனால் பந்தில்லாத ஓட்டம் ஆட்டக்காரர்களுக்குக் கசப்பு மருந்து. அதே வேலையைப் பந்தோடு வாங்க முடியுமா என்ற கேள்விக்கு 2002இல் யான் ஹாஃப் குழு பதில் தந்தது. முதல் பிரிவு ஆட்டக்காரர்கள் ஆறு பேரை அஞ்சுக்கு அஞ்சு ஆடவிட்டு அளந்தார்கள். இதயத் துடிப்பு உச்சத்தில் 91.3 சதவீதத்தைத் தொட்டது. கசப்பு மருந்துக்குப் பதில் தேன் கிடைத்தது போலப் பயிற்சியாளர்கள் மகிழ்ந்தார்கள். அதே ஆய்வில் இருந்த இன்னொரு செய்தியை அதிகம் பேர் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த படி இத்தாலியில் நடந்தது. பிராங்கோ இம்பெல்லிஸேரியின் குழு 2006இல் இளையோரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஓட்டமும் மறு பாதிக்குச் சிற்றாட்டமும் கொடுத்துப் பன்னிரண்டு வாரம் பார்த்தது. இரு பாதியும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின. மறு ஆண்டு எர்மான்னோ ராம்பினினி, ஆட்டத்தின் சூட்டை எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று பிரித்துப் பார்த்தார். மூன்றுக்கு மூன்று முதல் ஆறுக்கு ஆறு வரை. ஒவ்வொன்றுக்கும் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று களங்கள். பயிற்சியாளர் வெளியிலிருந்து உற்சாகப்படுத்தியும் படுத்தாமலும். சிறிய களத்தில் குரலே இல்லாமல் ஆடிய ஆறுக்கு ஆறில் இதயத் துடிப்பு உச்சத்தின் 84 சதவீதம், ரத்தத்தில் லாக்டேட் 3.4 மில்லிமோல். பெரிய களத்தில், குரல் கொடுத்து ஆடிய மூன்றுக்கு மூன்றில் 91 சதவீதம், 6.5 மில்லிமோல். இதில் மிகப் பெரிய வேறுபாட்டைத் தந்தது பயிற்சியாளரின் குரல். மிகக் குறைவான வேறுபாட்டைத் தந்தது களத்தின் அளவு. கோட்டோரம் நின்று தொண்டை வற்றக் கத்துகிறவர்களுக்கு இதைவிட இனிய ஆராய்ச்சி முடிவு கிடைக்காது. அதோடு ஒரு தவறான பாடமும் பரவியது: கோன்களை எங்கே வைத்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது என்று.

அந்தக் களங்களின் அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்றுக்கு மூன்றின் சிறிய களம் 12க்கு 20 மீட்டர். ஆளுக்கு 40 சதுர மீட்டர். ஆறுக்கு ஆறின் பெரிய களம் 36க்கு 48, ஆளுக்கு 144. முழு மைதானம் 105க்கு 68 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 7140 சதுர மீட்டர், இருபத்திரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 324 சதுர மீட்டருக்குச் சற்று மேல். அதாவது ‘பெரிய களம்’ என்று அங்கே சொல்லப்பட்டது போட்டி தரும் இடத்தில் பாதிகூட இல்லை. நடுக்கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அளந்துவிட்டு, வீட்டுக்கும் தெருவுக்கும் வேறுபாடு இல்லை என்று முடிவு கட்டியது போல நாம்தான் அதைப் படித்துக்கொண்டோம். ஆய்வாளர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் கேட்ட கேள்வி இதயத் துடிப்பையும் லாக்டேட்டையும் பற்றியது. இதயம் நிதானமாகக் கணக்கெழுதும் உறுப்பு. இரண்டு விநாடி வெடித்து ஓடி நின்றவனையும், அதே நேரம் மிதமாக ஓடிக்கொண்டே இருந்தவனையும் அது நிமிடக் கடைசியில் ஒரே எண்ணாக எழுதிவிடும். மூச்சுக்கு அந்த எண் போதும். தசைக்கும் தசைநாணுக்கும் போதாது.

ஜிபிஎஸ் கருவியை முதுகில் கட்டிக்கொண்டு பயிற்சி செய்யும் வழக்கம் வந்த பிறகுதான் இது கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்பெயினில் டேவிட் காசமிச்சானாவும் ஹுலென் காஸ்டெயானோவும் 2010இல் ஆளுக்கு 275, 175, 75 சதுர மீட்டர் என்று மூன்று அளவில் அஞ்சுக்கு அஞ்சு ஆடவிட்டார்கள். இடம் கூடக்கூட ஓடிய தூரமும் எட்டிய வேகமும் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருந்த நேரமும் கூடின. இடம் குறையக் குறைய பந்தை மறிப்பது, ஷாட் அடிப்பது, விலக்கி அடிப்பது போன்ற செயல்கள் பெருகின. இங்கிலாந்து பிரீமியர் லீக் அணி ஒன்றை வைத்து பாவ்லோ கௌதினோ குழு 2014இல் வெளியிட்ட முடிவும் இதே திசையில்தான்: சிறிய களத்தில் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அடிக்கடி நடக்கிறது, பெரிய களத்தில் உச்ச வேகமும் வேக ஓட்டத்தின் தூரமும் உயர்கின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னதாகவே, 2008இல், டிம் கேபெட்டும் மைக் மல்வியும் உயர்நிலைப் பெண் ஆட்டக்காரர்களின் சிற்றாட்டத்தைச் சர்வதேசப் போட்டியோடு ஒப்பிட்டு, பொதுவான அசைவுகள் ஒத்துப்போனாலும் அடுத்தடுத்து வரும் ஸ்பிரிண்டுகளின் சுமையைச் சிற்றாட்டம் தருவதில்லை என்று எழுதியிருந்தார்கள். இதில் மர்மம் ஏதுமில்லை. நின்ற இடத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் தன் உச்ச வேகத்தைத் தொட முப்பது நாற்பது மீட்டர் நேர்ப்பாதை வேண்டும். முப்பது மீட்டர் நீளக் களத்தில், நடுவே நாலு எதிராளிகள் நிற்க, அந்தப் பாதை எங்கிருந்து வரும்?

இங்கேயே நிறுத்திவிட்டால் சின்ன இடம், சின்ன வேலை என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். அது முந்தைய தவறைவிட மோசம். ஜிபிஎஸ் அறிக்கையில் மணிக்கு 19.8 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய தூரத்தைத்தான் பெரும்பாலும் ‘வேக ஓட்டம்’ என்று எழுதுகிறார்கள். நின்ற நிலையிலிருந்து வெடித்துப் புறப்பட்டு, மணிக்கு 15 கிலோமீட்டரை எட்டுமுன் பிரேக் போட்டுத் திரும்புகிறவன் அந்தப் பத்தியில் ஒரு மீட்டர்கூடச் சேர்த்திருக்க மாட்டான். ஆனால் அவன் செலவழித்த ஆற்றல் பெரிது. கிறிஸ்டியன் ஒஸ்னாக், பியெத்ரோ டி பிரம்பெரோ ஆகியோர் 2010இல் இத்தாலியின் சீரி ஆ ஆட்டங்களை எடுத்து, வேகத்தை மட்டும் பார்க்காமல் வேக மாற்றத்தின் ஆற்றல் செலவையும் கணக்கில் சேர்த்தபோது, கடும் உழைப்பின் பங்கு வேகக் கணக்கு காட்டியதைப் போல இரண்டு மூன்று மடங்காக வந்தது. புறப்படுவதைவிட நிற்பது தசைக்குக் கடுமை. ஓடி வந்த உடம்பின் முழுப் பாரத்தையும் முன்தொடைத் தசை நீண்டபடியே தாங்கி நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் திரும்பும்போது கவட்டித் தசைகள் தாங்க வேண்டும். அப்படி நீண்டபடி சுருங்கும் வேலைதான் மறுநாளும் அதற்கு மறுநாளும் படியிறங்கும்போது வலியாகத் தெரியும். ஆளுக்கு 50 சதுர மீட்டரில் இருபது நிமிடம் ஆடிய ஒருவனின் கால்கள், அவன் இதயத் துடிப்பு அட்டவணை சொல்லாத ஒரு கடனைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகின்றன. ஆக, சிற்றாட்டம் உழைப்பைக் குறைப்பதில்லை. புறப்பாடு, பிரேக், திருப்பம் ஆகியவற்றைக் குவித்து, நீண்ட வேக ஓட்டத்தை ஏறக்குறைய அழித்துவிடுகிறது. ஒரு தசைக்கூட்டத்துக்கு விருந்து, இன்னொன்றுக்குப் பட்டினி.

பட்டினி கிடப்பது பின்தொடை. ஹாம்ஸ்டிரிங் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தசை உச்ச வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய காலைத் தடுத்துத் தரைக்குக் கொண்டுவரும் கடைசிக் கணத்தில், மிகவும் நீண்டு மிகவும் இழுபடுகிறது. அந்த இழுப்பை வேறு எந்தப் பயிற்சியும் முழுமையாகத் தருவதில்லை. பளுப் பயிற்சி துணை நிற்கும், அவ்வளவுதான். ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகளை யூஇஎஃப்ஏவுக்காக ஆண்டுக்கணக்கில் கண்காணித்துவரும் யான் எக்ஸ்ட்ராண்டின் குழு, மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்டிரிங் காயத்தின் பங்கு 2001-02 பருவத்தில் 12 சதவீதமாக இருந்தது 2021-22இல் 24 சதவீதமானது என்று பதிவு செய்திருக்கிறது. இதற்குச் சிற்றாட்டம்தான் காரணம் என்று நான் சொன்னால் அது நேர்மையற்ற வாதம். ஆட்டத்தின் வேகம் கூடியது, போட்டிகளின் நெருக்கம் கூடியது, காரணங்கள் பல. ஆனால் போட்டியில் ஸ்பிரிண்ட் பெருகிவரும் அதே காலத்தில் பயிற்சியை நாம் கோன்களுக்குள் சுருக்கிக்கொண்டிருந்தால், அது எதிர்த்திசையில் நடப்பதுதான். அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் ஷேன் மலோன் குழு 2017இல் கண்டது இதற்குப் பொருந்துகிறது. பயிற்சியில் தன் உச்ச வேகத்தின் 95 சதவீதத்தைத் தொட்டவர்களுக்கு, 85 சதவீதத்தோடு நின்றவர்களைவிடக் காயம் குறைவு. அளவுக்கு மிஞ்சித் தொட்டவர்களுக்கு ஆபத்து திரும்பவும் ஏறியது. மருந்துக்கு உள்ள குணம்தான்: இல்லாமலும் கூடாது, மிஞ்சியும் கூடாது.

இதற்கு வரும் முதல் மறுப்பு, வேக ஓட்டத்தைப் போட்டியே கொடுத்துவிடுகிறதே, பயிற்சியில் எதற்கு என்பது. தொண்ணூறு நிமிடம் ஆடும் விங்கருக்கு இது ஓரளவு உண்மை. வாரம் இரண்டு போட்டி இருந்தால் அவனுக்குக் கூடுதல் ஸ்பிரிண்ட் தேவையில்லை என்றுகூடச் சொல்வேன். ஆனால் அணி என்பது பதினொரு பேர் மட்டும் இல்லை. ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் என்ற விதி 2020இல் தற்காலிகமாக வந்து பிறகு நிரந்தரமானது. அப்படியும் ஒரு போட்டியில் களமிறங்குவது அதிகபட்சம் பதினாறு பேர். அவர்களிலும் கடைசி ஐந்து பேர் கால்மணி, அரைமணி ஆடுகிறவர்கள். மிச்சமுள்ளவர்களுக்கு மறுநாள் என்ன கொடுக்கிறோம்? எண்ணிக்கை குறைவு, முழு மைதானம் போட ஆளில்லை, அதனால் நாலுக்கு நாலு. போட்டியில் அவர்கள் தவறவிட்டது எதுவோ அது மட்டும் அந்த ஆட்டத்தில் கிடைக்காது. மூன்று வாரம் இப்படிப் போனபின் ஒருவனை எழுபதாவது நிமிடம் இறக்கி, டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் போட்ட பந்தை எட்டச் சொல்கிறோம். அவன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், விதி என்கிறோம், ‘சரியாக வார்ம்-அப் செய்யவில்லை’ என்கிறோம். எங்கள் தொழிலில் சிற்றாட்டத்தின் மிக மோசமான பயன்பாடு எது என்று கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

இரண்டாவது மறுப்பு கொள்கை சார்ந்தது. ஆட்டத்தை ஆட்டத்தால்தான் கற்க முடியும், உடம்பைத் தனியே பிரித்துப் பயிற்றுவது பழைய காலத்து முறை என்பார்கள். போர்ச்சுகலின் போர்ட்டோ பல்கலைக்கழகத்தில் விட்டோர் ஃபிராடே வளர்த்தெடுத்த முறையை இவர்கள் துணைக்கு அழைப்பார்கள். அந்த முறையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதன் வார அட்டவணையைப் பார்ப்பதில்லை. ஞாயிறு போட்டி என்றால், புதன்கிழமை சிறிய இடத்தில் பிரேக்கும் திருப்பமும் நிறைந்த ஆட்டங்கள், வியாழக்கிழமை பெரிய இடத்தில் அதிக ஆட்களோடு நீண்ட ஆட்டம், வெள்ளிக்கிழமை வேகம். பந்தை விடாமலேயே, தசையிடம் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு வேலை வாங்கும் ஏற்பாடு அது. எல்லா நாளும் நாலுக்கு நாலு ஆடிவிட்டு அதற்கு ஃபிராடேயைச் சாட்சிக்கு அழைப்பது அவருக்குச் செய்யும் நியாயமாகாது.

சரி, களத்தைப் பெரிதாக்கினால் தீர்ந்தது என்பது மூன்றாவது வாதம். பாதி தீரும். ஆளுக்கு 200, 300 சதுர மீட்டர் கொடுத்தால் வேக ஓட்டம் வரத் தொடங்குகிறது. ஆனால் ஆட்களும் கூடும்போது இதயத் துடிப்பு இறங்குகிறது; பந்து எங்கோ இருக்க, ஒருவர் நின்று பார்க்க நேரம் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த வேக ஓட்டம் யாருக்குக் கிடைக்கும் என்பதை ஆட்டம்தான் முடிவு செய்கிறது. விங்கருக்கு ஆறு தடவை வரும், சென்டர் பேக்குக்கு ஒரு தடவையும் வராமல் போகலாம். ஒரே ஆட்டத்தை அடுத்த வாரம் அப்படியே திரும்ப ஆடவிட்டால் இதயத் துடிப்பு ஏறக்குறைய அதே அளவில் வரும். வேக ஓட்டத்தின் தூரம் தாறுமாறாக மாறும். திரும்ப வராத ஒன்றை அளவு பார்த்துக் கொடுக்க முடியாது. எனவேதான் ஸ்பிரிண்டை மட்டும் ஆட்டத்தின் தயவில் விடக் கூடாது என்கிறேன். நாற்பது மீட்டர், நான்கைந்து தடவை, நடுவில் தாராள ஓய்வு. மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகாது. கடைசியில் பந்தும் ஒரு ஷாட்டும் வைத்தால் ஆட்டக்காரர்கள் கூடுதல் மனதோடு ஓடுவார்கள்.

முன்பு தள்ளி வைத்த ஹாஃப் குழுவின் செய்தி இங்கே பொருந்துகிறது. அந்த அஞ்சுக்கு அஞ்சு ஆட்டத்தில், மூச்சுத்திறன் அதிகம் உள்ளவர்கள்தான் தங்கள் திறனில் குறைந்த சதவீதத்துக்கு உழைத்திருந்தார்கள். அதாவது சிற்றாட்டம் பலவீனமானவனைக் கசக்கிப் பிழிகிறது, பலமானவனுக்கு உலாவாகிவிடுகிறது. பந்தை முன்கூட்டியே படிக்கத் தெரிந்த அனுபவசாலிக்கு இன்னும் எளிது. சரியான இடத்தில் நின்றே ஆட்டத்தை முடித்துவிடுவான். அது அவன் திறமை, குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் உடம்புக்கு அன்று பயிற்சி நடக்கவில்லை. இதைச் சரிசெய்யத்தான் ஆளுக்கு ஆள் மார்க்கிங், பந்தைத் தொடும் எண்ணிக்கைக்கு வரம்பு, வெளியே போன பந்தைத் தேடி ஓடாமல் கோட்டோரம் நாலைந்து பந்துகளைத் தயாராக வைப்பது போன்ற கைப்பழக்கங்கள். இவை இதயத் துடிப்பைச் சில சதவீதம் உயர்த்தும். யாருக்கு உயர வேண்டுமோ அவனைக் கண்ணால் பார்த்துப் போட வேண்டும். மொத்த அணிக்கும் ஒரே விதி போட்டால் ஏற்கெனவே தவிப்பவன்தான் மேலும் தவிப்பான். சிறுவர்கள் விஷயம் வேறு. ஜெர்மனி 2024-25 பருவம் முதல் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று ஆட்டங்களைக் கட்டாயமாக்கியது அவர்கள் காலுக்குப் பந்து அடிக்கடி வரட்டும் என்பதற்காக. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சதுர மீட்டர் கணக்கு பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கடைசியாக, ஜிபிஎஸ் பணக்கார கிளப்புக்கு, எங்களுக்கு இதெல்லாம் எட்டாது என்ற பெருமூச்சு. எட்டும். களத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளக்க ஒரு டேப் போதும். பெருக்கி ஆட்களால் வகுத்தால் அன்றைய வேலை கவட்டிக்கா, பின்தொடைக்கா என்பது பெருமளவு தெரிந்துவிடும். உழைப்பை அளக்க அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய வழி உண்டு: பயிற்சி முடிந்து அரைமணி கழித்து, இன்று எவ்வளவு கடினம் என்று பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்லி, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குவது. எழுபத்தைந்து நிமிடத்துக்கு ஒருவன் 6 சொன்னால் 450. நம் ஊர் வெயிலில் இதயத் துடிப்பைவிட இதுவே நம்பத்தக்கது. வெப்பத்தில் உடம்பைக் குளிர்விக்கவே இதயம் கூடுதலாக அடிக்கும், அந்தத் துடிப்பை ஆட்டத்தின் சூடு என்று எண்ணி ஏமாறலாம். சென்னையில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து டர்ஃபில் அஞ்சுக்கு அஞ்சு ஆடுகிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. வாரம் மூன்று நாள் டர்ஃபில் நன்றாக ஆடுகிறோமே என்ற தைரியத்தில், ஆண்டுக்கு ஒருமுறை அலுவலகப் போட்டிக்காக முழு மைதானத்தில் இறங்கி முதல் பந்துக்கே பாயாதீர்கள். உங்கள் மூச்சு தயார், பின்தொடை தயாராக இல்லை.

பயிற்சியாளர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். நோட்டில் ‘4க்கு 4, 4 நிமிடம், 4 தடவை’ என்று எழுதும் வரிக்குப் பக்கத்தில் ஆளுக்கு எத்தனை சதுர மீட்டர் என்பதையும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பத்தியை மேலிருந்து கீழே பாருங்கள். எல்லா எண்ணும் நூறுக்குள் இருந்தால், சென்ற போட்டியில் களமிறங்காதவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த பயிற்சியில் வார்ம்-அப் முடிந்ததும் அவர்களை முதலில் நாற்பது மீட்டர் ஓடவிடுங்கள். கோன்களைப் பிறகு வைக்கலாம்.